மாட்டுப் பண்ணைக்கு இடம் தேடுவோர் முதலில் திறக்க வேண்டிய வரைபடம்: வெப் சாயில் சர்வே, ஒரு மதிப்புரை

பரம்பரை நிலம் எதுவும் கையில் இல்லாமல், அமெரிக்காவில் அடியிலிருந்து ஒரு மாட்டுப் பண்ணையைத் தொடங்க நினைப்பவர் எடுக்கும் முடிவுகளில், பின்னர் திருத்திக்கொள்ள வழியில்லாதது இடத்தேர்வு ஒன்றுதான். மாட்டின் இனத்தை மாற்றலாம். கன்று ஈனும் பருவத்தை மாற்றலாம். வேலியைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். மண்ணையும் மழையையும் மாற்ற முடியாது. ஆயினும் நில விற்பனை விளம்பரங்கள் ஏக்கர் கணக்கையும் வீட்டின் அறைகளையும் மலைக் காட்சியையும் விரித்துச் சொல்லுமே தவிர, அங்கே என்ன புல் எவ்வளவு விளையும் என்பதை ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். அந்த ஒரு வரியைச் சரிபார்க்க உதவும் ஒரு பொதுச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை 2005 முதல் இணையத்தில் இலவசமாக வழங்கிவரும் வெப் சாயில் சர்வே என்னும் மண் வரைபடம் அது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்துப் பெறும் எந்த அறிக்கைக்கும் முன்னதாக இதைத்தான் திறக்க வேண்டும். ஆனால் இதிலுள்ள எண்களில் எதை நம்பிக் கணக்குப் போடுவது என்று தெரியாமல் திறந்தால், இந்த நல்ல கருவியே தாங்காத நிலத்தை வாங்க வைத்துவிடும்.

ஏக்கரை மட்டும் வைத்து நிலத்தை மதிப்பிட்டதால் இந்த நாட்டில் எத்தனை குடும்பங்கள் நொடித்துப்போயின என்பதை நினைத்துப் பார்த்தால் இச்சேவையின் அருமை விளங்கும். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறும் குடும்பம் ஒன்றுக்கு 160 ஏக்கர் என்று வகுத்தது. நல்ல மழை பெய்யும் கிழக்குப் பகுதிகளில் அது போதுமானதாக இருந்தது. நாட்டின் நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் 100ஆம் தீர்க்கரேகையை ஒட்டி ஆண்டு மழை சுமார் 20 அங்குலத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதற்கு மேற்கே அதே 160 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க மாடுகள் போதாது. நிலவியலாளரான ஜான் வெஸ்லி பவல் 1878இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், வறண்ட பகுதிகளில் மேய்ச்சல் பண்ணை ஒன்றுக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்று வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. 1904இல் நெப்ராஸ்காவின் வடமேற்குப் பகுதிக்கென வந்த கின்கெய்ட் சட்டமும், 1916இல் வந்த கால்நடை வளர்ப்புக் குடியேற்றச் சட்டமும் 640 ஏக்கர் வரைதான் தந்தன. பவல் சொன்னதில் அது கால் பங்கு. பிறகு 1930களின் புழுதிப் புயல்கள் வந்தன. அவற்றின் விளைவாக 1935இல் மண் அறிவியலாளரான ஹியூ ஹேமண்ட் பென்னட்டின் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை தோன்றியது. 1994இல் அதுவே இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்ற இன்றைய பெயரைப் பெற்றது. நாட்டின் மண் ஆய்வுப் பணி அதற்கும் முன்பே, 1899இல் தொடங்கியிருந்தது. இவ்வளவு காலமாக மண் ஆய்வாளர்கள் வயல்வயலாகக் குழி தோண்டிப் பார்த்து எழுதிவைத்த பதிவுகள்தாம் இன்று நம் கணினித் திரையில் வண்ணக் கட்டங்களாகத் தெரிகின்றன.

பயன்படுத்தும் முறை கடினமானதன்று. முகவரியையோ கவுன்டியின் (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டத்தின்) பெயரையோ நில அளவையின் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்களையோ கொடுத்து இடத்தைத் தேடிக்கொண்டு, விற்பனைக்கு வந்திருக்கும் நிலத்தின் எல்லையை வான்படத்தின் மீது நாமே வரைய வேண்டும். அடுத்த பக்கத்தைத் திறந்ததும் அந்த எல்லைக்குள் உள்ள மண்வகைகள் கோடுகளால் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எத்தனை ஏக்கர், மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்ற பட்டியலுடன் தோன்றும். மண்வகையின் பெயரைச் சொடுக்கினால் அதன் விளக்கம் திறக்கும்: கடல் மட்டத்திலிருந்து உயரம், சராசரி ஆண்டு மழை, உறைபனி இல்லாத நாள்களின் எண்ணிக்கை, சரிவு, நீர் வடியும் தன்மை, மண் அடுக்குகளின் ஆழம். மாடு வளர்ப்பவருக்கு இந்தப் பக்கம் ஒன்றே பெரிய உதவி. உறைபனி இல்லாத நாள்கள் குறையக் குறையப் புல் வளரும் காலம் சுருங்கும். குளிர்காலத்தில் உலர்புல் போட வேண்டிய மாதங்கள் கூடும். மாட்டுப் பண்ணையின் ஆண்டுச் செலவில் மிகப் பெரிய பங்கு பெரும்பாலும் அந்த உலர்புல்லுக்கே போகிறது.

நெப்ராஸ்காவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். மேற்கு அரைக்கோளத்தின் மிகப் பெரிய மணற்குன்றுப் பரப்பு அது. ஏறத்தாழ 19,000 சதுர மைல் முழுவதும் புல் போர்த்திக் கிடக்கிறது. அங்கே எல்லை வரைந்தால் படத்தின் பெரும்பகுதியை வாலன்டைன் என்னும் மண்வகை பிடித்துக்கொள்ளும். அது நுண்மணல், பெய்த மழை தேங்காமல் நேரே கீழிறங்கிவிடும், மேலிருக்கும் புல்லைக் கிளறினால் காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும். குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்வுகளில் எல்ஸ்மியர், லூப் என்ற வேறு மண்வகைகள் குறுகலான பட்டைகளாக ஓடுவதையும் படத்தில் காணலாம். அந்தத் தாழ்வுகளில் நிலத்தடி நீர் புல்லின் வேருக்கு எட்டும் ஆழத்திலேயே நிற்பதால், குன்றின் மேல் விளைவதைப்போலப் பல மடங்கு புல் அங்கே விளையும். கோடையில் அதை அறுத்துச் சுருட்டி வைத்தால் குளிர்காலம் கழியும். ஆகவே ஒரே பரப்பளவும் ஒரே விலையும் கொண்ட இரண்டு நிலங்களில், ஒன்றில் இந்தப் பட்டைகள் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், இரண்டும் ஒரே பண்ணையாகா. முதலாவது தன் மாட்டுக்குத் தானே குளிர்காலத் தீவனம் தரும். இரண்டாவதை வாங்குபவர் ஆண்டுதோறும் உலர்புல்லை விலைக்கு வாங்க வேண்டும். தரகர் தரும் புகைப்படங்களில் இந்த வேறுபாடு தெரியாது. மண் வரைபடத்தில் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு தகவலையும் இங்கே பார்க்கும்படி வற்புறுத்துவேன். மண்வகைகள் அனைத்தும் பயிர்த்தொழிலுக்கு எவ்வளவு ஏற்றவை என்ற அடிப்படையில் 1 முதல் 8 வரை தரம் பிரிக்கப்பட்டுள்ளன. 1, 2 ஆகியவை சிறந்த உழவு நிலங்கள்; 5 முதல் 7 வரை பெரும்பாலும் மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் உரியவை. புதிதாகத் தொடங்குபவர் முதல் இரண்டு தரங்களைக் கண்டு மகிழ்வது இயல்பு. ஆனால் அந்த நிலத்தின் விலையை மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுகிறவர்கள் நிர்ணயிக்கிறார்கள். அந்த விலையைக் கன்று விற்ற பணத்தால் அடைப்பது கடினம். வாலன்டைன் மணல் 6ஆம் தரத்தைச் சேர்ந்தது. உழவர் போட்டி போடாத 6ஆம் தர நிலத்தில் நல்ல புல் விளையும் இடத்தைக் கண்டுபிடிப்பதே மாட்டுப் பண்ணைக்காரரின் வேலை என்பேன்.

இனி இச்சேவையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். தாவர விளைச்சல் என்ற பிரிவின் கீழ் மேய்ச்சல் நில விளைச்சல் மூன்று எண்களாகத் தரப்படுகிறது: சாதகமான ஆண்டு, இயல்பான ஆண்டு, பாதகமான ஆண்டு. மூன்றும் ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று, காற்றில் உலர்ந்த எடையில் சொல்லப்படுகின்றன. பலரும் இயல்பான ஆண்டின் எண்ணை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கடன் வாங்கி நிலம் வாங்குகிறவர் பாதகமான ஆண்டின் எண்ணைத்தான் தாளின் தலைப்பில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

மேய்ச்சல் துறையில் 1,000 பவுண்டு எடையுள்ள கன்றோடு கூடிய பசுவை ஒரு கால்நடை அலகு என்பர். அதற்கு மாதம் 915 பவுண்டு உலர்ந்த தீவனம் தேவை என்று கொள்வது வழக்கம். ஆண்டுக்கு 10,980 பவுண்டு. இன்றைய பசுக்கள் அதைவிடக் கனமானவை; 1,300 பவுண்டு என்று வைத்தால் ஆண்டுத் தேவை ஏறக்குறைய 14,270 பவுண்டு. விளைந்த புல் முழுவதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதில்லை. பாதியை அடுத்த ஆண்டு தழைப்பதற்காக நிலத்திலேயே விட வேண்டும். மீதியில் ஒரு பாதி மிதிபட்டும் பூச்சிக்கு இரையாகியும் போகும். எஞ்சிய கால் பங்குதான் உணவு. இப்போது 5,000 ஏக்கர் கொண்ட ஒரு நிலத்தில் மூன்று எண்களும் முறையே 1,400, 1,000, 600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாதகமான ஆண்டில் பசு ஒன்றுக்குச் சுமார் 41 ஏக்கர் போதும். 122 பசுக்களை அந்த நிலம் தாங்கும். இயல்பான ஆண்டில் 57 ஏக்கர், 87 பசுக்கள். பாதகமான ஆண்டில் 95 ஏக்கர், 52 பசுக்கள். விற்பவர் 120 பசுக்கள் மேய்ந்த நிலம் என்று சொன்னால் அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நல்ல மழை பெய்த ஓர் ஆண்டை நினைவில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் 87 பசுக்களின் கன்றுகளை நம்பித் தவணை ஒப்புக்கொண்டவர், மழை பொய்த்த ஆண்டில் 35 பசுக்களை விற்றாக வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் விற்கும் அதே வாரத்தில், அடிமாட்டு விலைக்கு. மழை திரும்பியதும் அதே பசுக்களை எல்லோரும் வாங்கும் நேரத்தில் ஏறிய விலைக்கு வாங்க வேண்டும். ஆதலால் நிலையான பசு மந்தையைப் பாதகமான ஆண்டின் எண்ணுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொண்டு, புல் மிஞ்சும் ஆண்டுகளில் பால் மறந்த இளங்கன்றுகளை வாங்கி மேய்த்து விற்பதே புதியவருக்குப் பொருந்தும் வழி. இயல்பான ஆண்டுக்கும் பாதகமான ஆண்டுக்கும் இடைவெளி குறுகலாக உள்ள நிலத்துக்கு, மொத்த விளைச்சல் சற்றுக் குறைந்தாலும், நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதற்கு இச்சேவை தரும் விளக்கத்தையும் கட்டாயம் படிக்க வேண்டும். அதைப் படிக்காதவர்கள் மிகுதி. நன்கு பராமரிக்கப்பட்டு, அந்த மண்ணுக்கு இயற்கையாக உரிய தாவரங்கள் நிற்கும் நிலத்தில் ஓராண்டில் வளரக்கூடிய அனைத்துத் தாவரமும் அந்த எண்ணில் அடங்கும். மாடு தின்னாத செடியும் புதர்களின் அவ்வாண்டுத் தளிரும் அதில் சேரும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. புதர் மிகுந்த மேற்குப் பகுதிகளில் அந்த எண்ணை அப்படியே புல் என்று கொள்ளக் கூடாது. மேலும், அது நிலத்தின் தகுதியைச் சொல்கிறதே அன்றி, இன்றைய நிலையைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் அளவுக்கு மீறி மேய்க்கப்பட்டுக் கட்டாந்தரையாகிப் போன நிலத்துக்கும், பக்கத்து வேலிக்குள் அருமையாகக் காக்கப்பட்ட நிலத்துக்கும், மண் ஒன்றாக இருந்தால், வரைபடம் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

எடையும் தரமும் வேறு என்பது இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. கான்சாஸின் ஃப்ளின்ட் ஹில்ஸ் பகுதியில் சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் கலப்பையைத் தடுத்ததால் உயர்புல் வெளி உழப்படாமல் தப்பியது. அங்கே விளைச்சல் எண்கள் மேற்கிலுள்ள குறும்புல் வெளிகளை விடப் பன்மடங்கு உயர்ந்து நிற்கும். ஆனால் உயர்புல்லின் சத்து கோடையின் நடுப்பகுதிக்குப் பிறகு விரைவாக இறங்கிவிடுகிறது. அதனால்தான் அங்கே பலர் இளங்கன்றுகளை வசந்தத்தில் இறக்கி, சுமார் மூன்று மாதங்கள் மேய்த்து, ஜூலையிலேயே ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அந்தப் புல்லில் நிற்கும் பசுவுக்குப் புரதத் தீவனம் தனியே கொடுத்தாக வேண்டும். மேற்கிலுள்ள புளூ கிராமா, பஃபலோ கிராஸ் போன்ற குறும்புற்கள் எடையில் குறைவு. ஆயினும் நின்றபடியே உலர்ந்து சத்தை நன்றாகத் தக்கவைத்துக்கொள்கின்றன. ஆண்டு முழுவதும் பசுவை வைத்துக்கொள்ள எண்ணுகிறவர் பவுண்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவார். அங்கே எந்தெந்தப் புல் எவ்வளவு விழுக்காடு இருக்க வேண்டும் என்பதை, அந்த மண்வகைக்குரிய சூழலிட விளக்கத்தை (அந்த மண்ணில் இயல்பாக வளரும் தாவரங்களைப் பற்றிய குறிப்பை) திறந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த விளக்கங்கள் எடிட் என்ற தனித் தளத்தில் உள்ளன. நிலம் கெட்டால் எந்த நிலைக்கு மாறும், அதிலிருந்து மீளுமா என்பதையும் அவை படமாகக் காட்டுகின்றன.

சரிவுக்கும் தண்ணீரின் தூரத்துக்கும் ஏற்ப விளைச்சலில் ஒரு பங்கைக் கழிக்காமல் கணக்கு முடியாது. ஒவ்வொரு மண்வகையின் பெயரிலேயே சரிவின் அளவு சேர்ந்திருப்பதால் இந்தக் கழிவை எளிதாகப் போடலாம். மேய்ச்சல் பாடநூல்களில் காணும் பொது விதிப்படி, 10 விழுக்காடு சரிவு வரை கழிவு தேவையில்லை. 11 முதல் 30 வரை 30 விழுக்காடும், 31 முதல் 60 வரை 60 விழுக்காடும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் மாடு ஏறாது என்றே கொள்ள வேண்டும். தண்ணீரிலிருந்து ஒரு மைலுக்குள் உள்ள புல்லை மாடு முழுமையாக மேயும். ஒன்றிலிருந்து இரண்டு மைல் வரை பாதி. இரண்டு மைலுக்கு அப்பால் ஒன்றுமில்லை. குளம் வெட்டினால் நீர் நிற்குமா என்பதற்கு இச்சேவையில் தனித் தரவரிசை உண்டு. பசு ஒன்று வெப்பக் காலத்தில் நாளொன்றுக்கு 20 கேலன் வரை குடிக்கும் என்பதால் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. சாண்ட்ஹில்ஸ் மணலில் வெட்டிய குளம் நீரைப் பிடித்துவைக்காது. அங்கே ஓகலாலா என்னும் நிலத்தடி நீர்ப்படுகையின் நீரைக் காற்றாலையோ சூரியசக்திப் பம்போ மேலே கொண்டுவருகிறது. சில இடங்களில் புதிய தொட்டி ஒன்றை வைத்தால் மாடு எட்டாத ஆயிரம் ஏக்கர் மேய்ச்சலுக்குள் வந்துவிடும். அத்தகைய நிலம் வாங்குபவருக்கு ஆதாயமானது.

குறைகளுக்கு வருகிறேன். வரைபடத்தின் அளவுகோல் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பெரும்பாலும் 1:12,000 முதல் 1:63,360 வரை. மேற்கிலுள்ள பரந்த மேய்ச்சல் நிலங்களில் ஒரே கட்டத்துக்குள் இரண்டு மூன்று மண்வகைகள் சேர்த்தே அடைக்கப்பட்டிருக்கும். எது எத்தனை விழுக்காடு என்று சொல்லுமே அன்றி, எது எங்கே என்று சொல்லாது. அளவுக்கு மீறிப் பெரிதாக்கிப் பார்த்தால், இந்த அளவில் வரைபடம் செல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை திரையில் வரும். அதை மதிக்க வேண்டும். வீடு கட்டும் இடத்தையோ கன்று ஈனும் கொட்டிலையோ இந்தக் கோட்டை நம்பித் தீர்மானிக்கக் கூடாது.

பாறை பற்றிய ஒரு நுணுக்கம் உண்டு. நிலம் தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பதிக்காக வயோமிங்கின் கிழக்கில் உள்ள ஒரு நிலத்தைத் திரையில் அலசியபோது, கரடுமுரடான கட்டம் ஒன்றுக்கு எதிர்பாராத அளவு உயர்ந்த எண் வந்து நின்றது. அந்தக் கட்டத்தில் கணிசமான பகுதி வெறும் பாறை. பாறைக்கு விளைச்சல் எண் எதுவும் பதிவாகாததால் அது கணக்கிலேயே சேராமல், மீதி மண்ணின் சராசரி மட்டும் கட்டம் முழுவதற்கும் உரியதுபோல் காட்டப்பட்டிருந்தது. மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய், பதிவில்லாத இடங்களைச் சுழியமாகக் கொள்ளும்படி மாற்றியதும் எண் இறங்கியது. அந்தத் தேர்வு பக்கத்தின் உள்ளே மடிந்து கிடக்கிறது. தேடித் திறந்துபார்க்க வேண்டும். பாறை மிகுந்த எந்த நிலத்திலும் இந்த ஒரு சொடுக்கு மந்தையின் அளவையே மாற்றக்கூடியது என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

தகுதிக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப, வேறொரு இலவசச் சேவையைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொன்டானா பல்கலைக்கழகம் வேளாண் துறை முதலிய அரசு அமைப்புகளுடன் சேர்ந்து உருவாக்கிய ரேஞ்ச்லேண்ட் அனாலிசிஸ் பிளாட்ஃபார்ம் அது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து 1986 முதல் ஒவ்வோர் ஆண்டும் நிலத்தின் மேல் என்ன இருந்தது என்பதை 30 மீட்டர் சதுரங்களாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது: பல்லாண்டுப் புல், ஓராண்டுப் புல், புதர், மரம், வெற்றுத் தரை. அதே எல்லையை இங்கேயும் வரைந்தால் வரைகோடுகள் வருகின்றன. நெவாடாவிலும் தென் ஐடஹோவிலும் ஓராண்டுப் புல்லின் கோடு ஏறிக்கொண்டே போனால், சீட்கிராஸ் என்னும் அயற்புல் புகுந்துவிட்டது என்று ஐயுறலாம். அது வசந்தத்தில் சில வாரங்கள் பசுமையாக இருந்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து, தீக்கு விறகாகிவிடும். எரிந்த இடத்தில் மீண்டும் அதுவே முதலில் முளைக்கும். நெப்ராஸ்கா, கான்சாஸ், ஓக்லஹோமா நிலங்களில் மரத்தின் கோடு ஏறினால், பெரும்பாலும் கிழக்குச் செந்தேவதாரு புல்வெளியை மூடி வருகிறது என்று பொருள். அதை வெட்டி, எரித்து, மீண்டும் புல்லுக்குக் கொண்டுவரும் செலவை விலையிலிருந்து கழித்தே பேச வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்து நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நடுச் சமவெளிகளில் 2012ஆம் ஆண்டும் டெக்சஸில் 2011ஆம் ஆண்டும் கடும் வறட்சி. மண் வரைபடம் சொல்லும் பாதகமான ஆண்டின் எண்ணை, அந்த ஆண்டுகளில் அதே எல்லைக்குள் உண்மையில் விளைந்ததாகச் செயற்கைக்கோள் கணக்குச் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். செயற்கைக்கோள் கணக்கில் புதரின் விளைச்சல் சேராது என்பதை மறக்காமல் ஒப்பிட வேண்டும். புல்வெளியில் இரண்டும் நெருங்கி வந்தால் அந்த எண்ணை நம்பிக் கடன் கணக்குப் போடலாம். செயற்கைக்கோள் எண் வெகுவாகத் தாழ்ந்து நின்றால் நிலம் களைத்திருக்கிறது. தாழ்ந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். வறட்சிக்குப் பின் எத்தனை ஆண்டுகளில் பல்லாண்டுப் புல்லின் கோடு பழைய உயரத்துக்குத் திரும்பியது என்பதும், விற்பவர் அந்த ஆண்டுகளில் மாட்டைக் குறைத்தாரா, குறைக்காமல் நிலத்தை வருத்தினாரா என்பதைக் குறிப்பால் உணர்த்திவிடும்.

கிழக்கே, மழை மிகுந்த மாநிலங்களில், இந்த மேய்ச்சல் நில எண்கள் பல மண்வகைகளுக்குப் பதிவாகவே இல்லை. அங்கே பயிரிட்ட புல்வெளியின் விளைச்சல் பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல் தரும் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். 1943இல் கென்டக்கி 31 என்ற பெயரில் வெளியிடப்பட்ட உயர் ஃபெஸ்கியூ புல் தென்கிழக்கு மாநிலங்கள் எங்கும் பரவியிருக்கிறது; அதனுள் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சால் மாடு வெப்பம் தாங்காமல் தவிக்கும், எடை ஏறாது, சினை பிடிப்பது குறையும். மண் வரைபடத்துக்கு இது தெரியாது. செயற்கைக்கோளும் அந்தப் புல்லைத் தனியே பிரித்துக் காட்டாது. நேரில் போய்ப் புல்லைப் பிடுங்கி ஆய்வுக்கு அனுப்புவதே வழி.

சட்டம் சார்ந்தவற்றை இச்சேவையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. இருந்தாலும் எல்லை வரையும்போதே அவை குறுக்கிடும். மேற்கில் விற்பனைக்கு வரும் பண்ணைகள் பல, சொந்த நிலத்தையும் கூட்டாட்சி அரசின் மேய்ச்சல் அனுமதி பெற்ற நிலத்தையும் சேர்த்தே பரப்பளவு சொல்கின்றன. 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டத்தின்கீழ் அந்த அனுமதி ஓர் உரிமையன்று. அனுமதி பெற்றவரின் சொந்தமான அடிப்படை நிலத்தோடு இணைந்த சலுகை. அதன் கட்டணம் குறைவு என்பதால் கவர்ச்சி மிகுதி; 2025இல் அது ஒரு கால்நடை அலகுக்கு மாதம் 1.35 டாலராக மட்டுமே இருந்தது. ஆனால் மேய்க்கும் எண்ணிக்கையையும் காலத்தையும் அரசு குறைக்கலாம். எனவே சொந்த நிலத்துக்கு ஓர் எல்லை, அனுமதி நிலத்துக்கு வேறோர் எல்லை என இரண்டாக வரைந்து, சொந்த நிலம் மட்டும் எத்தனை பசுவைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட நிலங்களில் கனிம உரிமை கூட்டாட்சி அரசிடமே உள்ளது. மேற்கு மாநிலங்களில் ஓடும் நீர் முதலில் உரிமை பெற்றவருக்கே முதலில் சேரும். இரண்டையும் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். உயரம் 5,000 அடிக்கு மேல் என்று மண் விளக்கம் காட்டினால், தாழ்நிலத்திலிருந்து வாங்கிவரும் மாடுகளுக்கு உயரத்தால் வரும் நெஞ்சு வீக்க நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த மாட்டின் விலை அதனால்தான் கூடுகிறது.

தளத்தின் அமைப்பு பெரிய திரைக்கென்றே செய்யப்பட்டது, கைப்பேசியில் திணறும். வயலில் நிற்கும்போது, டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாயில்வெப் செயலி நாம் நிற்கும் இடத்து மண்ணை உடனே காட்டும். இரண்டும் ஒரே தரவிலிருந்து வருபவை. தேர்ந்தெடுத்த வரைபடங்களையும் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்த்து அறிக்கையாக இறக்கிக்கொள்ளும் வசதிக்குக் கடைக்கூடை என்று பெயர் வைத்திருந்தாலும் காசு கேட்பதில்லை.

சமவெளியிலும் மேற்கிலும் பசுவும் கன்றும் வைத்துப் பண்ணை நடத்த நிலம் தேடுகிறவர்களுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கிழக்கில் தேடுகிறவர்களுக்குப் பாதி அளவே பயன்படும். விளம்பரம் கண்ணில் பட்டதும் எல்லையை வரைந்து, பாதகமான ஆண்டின் எண்ணை எடுத்து, பாறைக்கும் சரிவுக்கும் தண்ணீருக்கும் கழித்து, செயற்கைக்கோள் கோட்டோடு ஒப்பிட்டு, எத்தனை பசு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே தரகரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அந்தத் தாளையும் இறக்கிய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அந்தக் கவுன்டிக்குரிய இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை அலுவலகத்துக்குப் போனால், அங்குள்ள மேய்ச்சல் நில வல்லுநரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருக்கும். எந்தக் கட்டத்தில் மண்வெட்டியோடு இறங்கிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.